கடன் கொடுத்தவரின் நாற்காலி

(கோவையில் பொருளியல் மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உலகமயமாக்கலைப் பற்றிப் பேச வருகிறவர்கள் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் காட்டி, இதன் திரை எந்த நாடு, பேட்டரி எந்த நாடு என்று ஆரம்பிப்பது வழக்கம். சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. வாங்கிய சரக்குக்குப் பணம் கட்ட முடியாமல் ஒரு நாடு திண்டாடும்போது அது யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறது, உள்ளே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் அவ்வளவாகத் தெரிவதில்லை. பொருளாதார பலம் மேற்கிலிருந்து கிழக்குக்குக் கைமாறிவிட்டது என்று நாள்தோறும் படிக்கிறோம். மாறியிருக்கிறதா, மாறியிருந்தால் எங்கே மாறியிருக்கிறது என்று பார்க்க அந்த வாசலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே இன்றைய பேச்சு பெரும்பாலும் சர்வதேச நாணய நிதியத்தைப் பற்றியது. ஐ.எம்.எஃப். என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

இந்த ஊரில் அதைப் பேசுவதற்குக் காரணமும் உண்டு. நிதியம் பிறந்த கூட்டத்தில் கோவைக்காரர் ஒருவர் இருந்தார். ஆர். கே. சண்முகம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் என்பதால் அவர் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நீதிக்கட்சிக்காரர், கொச்சி சமஸ்தானத்தின் திவான், தமிழிசை இயக்கத்துக்குத் துணை நின்றவர், சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவர். அவர் 1944 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், பிரெட்டன் வுட்ஸ் என்ற மலைப்பகுதியிலுள்ள மவுண்ட் வாஷிங்டன் ஓட்டலில் மூன்று வாரம் தங்கியிருந்தார் என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

அந்த ஓட்டலில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். உலகப்போர் இன்னும் முடியவில்லை. முடிந்த பிறகு நாணயங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது, இடிந்த நாடுகளுக்கு எங்கிருந்து பணம் வரும் என்பது பேச்சு. இந்தியா அப்போது அடிமை நாடு. இருந்தாலும் தனிப் பிரதிநிதிக் குழு அனுப்பியது. தலைவர் ஜெரமி ரெய்ஸ்மன், வைஸ்ராய் அரசின் நிதி உறுப்பினர், ஆங்கிலேயர். குழுவில் ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநர் சி. டி. தேஷ்முக், பம்பாய்த் தொழில்துறையைச் சேர்ந்த ஏ. டி. ஷிராஃப், நம் செட்டியார். கடிவாளம் ஆங்கிலேயர் கையில் என்றாலும் இவர்கள் ஒன்றும் பொம்மைகளாக உட்கார்ந்திருக்கவில்லை. அவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது.

போர்க்காலத்தில் பிரிட்டன் இந்தியாவிலிருந்து துணி, சணல், தானியம், தோல், தளவாடம் எல்லாம் எடுத்துக்கொண்டது. அதற்குக் கையில் பணம் கொடுக்கவில்லை. லண்டனில் ரிசர்வ் வங்கியின் பெயரில் ஸ்டெர்லிங் வரவு எழுதியது. அந்த வரவைக் காட்டி இங்கே ரிசர்வ் வங்கி ரூபாய் நோட்டு வெளியிட்டது. சரக்கு போருக்குப் போயிற்று, நோட்டு சந்தைக்கு வந்தது, விலை ஏறியது. 1943 வங்கப் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. இந்த விலையேற்றமும் அவற்றில் ஒன்று. போர் முடியும் நேரத்தில் லண்டன் நமக்குத் தர வேண்டிய பாக்கி ஏறத்தாழ 130 கோடி பவுன். இருநூறு ஆண்டுகள் ஆண்டவன் கடன்காரன், ஆளப்பட்டவன் கடன் கொடுத்தவன். சரித்திரத்தில் இப்படியொரு நிலை அடிக்கடி வராது.

இந்தப் பாக்கியில் ஒரு பகுதியையாவது டாலராக மாற்றிக்கொள்ளப் புதிய நிதியம் உதவ வேண்டும் என்று இந்தியக் குழு கேட்டது. டாலர் கிடைத்தால் அமெரிக்காவில் இயந்திரம் வாங்கலாம், தொழில் வளர்க்கலாம். பிரிட்டன் எதிர்த்தது, அது எங்கள் இருவருக்குள் பேசித் தீர்க்க வேண்டியது, நிதியத்தின் வேலையல்ல என்றது. பிரான்சும் எதிர்த்தது. கோரிக்கை தோற்றது. அந்தப் பாக்கிக்காகச் செட்டியார் நிதியமைச்சராக லண்டனுக்குப் போய் 1948 ஜூலையில் ஓர் உடன்பாடு செய்தார். மறு ஆண்டு செப்டம்பரில் பவுனின் டாலர் மதிப்பை பிரிட்டன் ஒரே நாளில் 30.5 சதவீதம் குறைத்தது. லண்டனில் மிச்சமிருந்த பாக்கியின் டாலர் மதிப்பும் அதே அளவுக்குக் கரைந்தது. கடன் கொடுத்தவனுக்குத்தான் பலம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கடனை எந்த நாணயத்தில் கொடுத்தாய், அந்த நாணயம் யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இனி வாக்குக்கு வருவோம். ஐ.எம்.எஃப்.பில் ஐ.நா. பொதுச்சபை போல நாட்டுக்கு ஒரு வாக்கு கிடையாது. கம்பெனியில் பங்குக்கு ஏற்ப வாக்கு இருப்பதுபோல, கோட்டாவுக்கு, அதாவது நிதியத்தில் ஒரு நாட்டுக்குரிய பங்குத் தொகைக்கு, ஏற்ப வாக்கு. தொடக்கத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் 250 அடிப்படை வாக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு லட்சம் டாலர் கோட்டாவுக்கும் ஒன்று. 1944-இல் அமெரிக்காவுக்கு 275 கோடி டாலர், பிரிட்டனுக்கு 130 கோடி, சோவியத் யூனியனுக்கு 120 கோடி, சீனாவுக்கு 55 கோடி, பிரான்சுக்கு 45 கோடி, இந்தியாவுக்கு 40 கோடி. சீனாவுக்கு நிகராக வேண்டும் என்று நம்மவர்கள் வாதாடிப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

இந்தத் தொகைகளைக் கணக்கிட்டவர் ரேமண்ட் மைக்செல் என்ற இளம் பொருளியலாளர், அமெரிக்க நிதித்துறையில் வேலை பார்த்தவர். அரை நூற்றாண்டு கழித்து அவரே நடந்ததை எழுதினார். அமெரிக்கத் தரப்பின் மூளையாக இருந்த ஹாரி டெக்ஸ்டர் ஒயிட் அவரைக் கூப்பிட்டு, அமெரிக்கா முதலில், பிரிட்டன் அதில் ஏறத்தாழப் பாதி, பிறகு சோவியத் யூனியன், அதன் பிறகு சீனா, இந்த வரிசை வரும்படி ஒரு சூத்திரம் தயார் செய் என்றாராம். மைக்செல் தேசிய வருமானம், தங்கக் கையிருப்பு, வெளிநாட்டு வர்த்தகம் என்று பலவற்றைப் பலவிதமாகப் பெருக்கிக் கூட்டி, கேட்ட விடை வரும் சூத்திரத்தைக் கொண்டுவந்தார். விடை முதலில், கணக்கு பிறகு. பரீட்சையில் நீங்கள் இப்படிச் செய்தால் மதிப்பெண் கிடைக்காது. அவருக்கு உலகத்தின் நிதி அமைப்பே கிடைத்தது.

ஆனால் சோவியத் யூனியன் உறுதி செய்யாமல் விலகிக்கொண்டது. அதனால் ஐந்தாவது பெரிய கோட்டாக்காரரானது இந்தியா. முதல் ஐந்து நாடுகள் தங்கள் செயல் இயக்குநரைத் தாங்களே நியமித்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. ஆக, சுதந்திரம் வருவதற்கு முன்பே வாஷிங்டனில் நமக்கு ஒரு நாற்காலி வந்துவிட்டது. அந்த நாற்காலியைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

பிரெட்டன் வுட்ஸுக்கு இட்டுச்சென்ற பேச்சுகளில் தோற்றுப்போன இன்னொரு யோசனையும் உண்டு. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடச் சுவையானது. பிரிட்டன் சார்பில் வந்திருந்தவர் ஜான் மேனார்டு கீன்ஸ். இந்திய அலுவலகத்தில் எழுத்தராகத் தொடங்கியவர்; முதல் புத்தகமே இந்திய நாணயத்தைப் பற்றி எழுதியவர். அவர் சொன்னது இது: ஒரு நாடு ஏற்றுமதியைவிட அதிகமாக இறக்குமதி செய்துகொண்டே போனால் அது தவறு என்று எல்லோரும் அதைத் திட்டுகிறோம், வயிற்றைக் கட்டு என்கிறோம். ஆனால் ஒரு நாட்டின் பற்றாக்குறை இன்னொரு நாட்டின் உபரி. ஓயாமல் உபரி குவிக்கிற நாட்டுக்கும் பொறுப்பு உண்டு. எல்லை தாண்டிப் பற்றாக்குறை வைத்தாலும் கட்டணம், எல்லை தாண்டி உபரி வைத்தாலும் கட்டணம். இதை நடத்த உலகத்துக்கு ஒரு கணக்குத் தீர்வகம், அதற்கென்று ‘பான்கோர்’ என்ற பொது நாணயம்.

அமெரிக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் ஒப்புக்கொள்ளும்? அன்றைக்கு உலகத்தின் உபரியெல்லாம் அதனிடம் இருந்தது. உலக அரசுகளிடம் இருந்த தங்கத்தில் பெரும்பகுதி அதன் பெட்டகத்தில் இருந்தது. இறுதி உடன்படிக்கையில் ஒரு ஓரமாக ‘அரிதான நாணயம்’ என்று ஒரு விதி மட்டும் கீன்ஸுக்கு ஆறுதலாகச் சேர்க்கப்பட்டது: ஒரு நாட்டின் நாணயம் யாருக்கும் கிடைக்காமல் அருகிப்போனால் மற்றவர்கள் அந்த நாணயப் பரிமாற்றத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று. அந்த விதி இன்றுவரை ஒருமுறைகூட முறையாகப் பயன்படுத்தப்பட்டதில்லை.

இப்போது எண்பது ஆண்டுகள் தாண்டி வாருங்கள். உபரி சீனாவிடமும் ஜெர்மனியிடமும். உலகத்திலேயே பெரிய பற்றாக்குறை அமெரிக்காவிடம். சீனா விற்றுக்கொண்டே இருக்கிறது, வாங்க மறுக்கிறது, இது அநியாயம் என்று வாஷிங்டனிலிருந்து குரல் வருகிறது. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி உலகம் முழுமைக்கும் சுங்கவரி அறிவித்தபோது அவர்கள் சொன்ன நியாயம், உபரி நாடுகள் விலை கொடுக்க வேண்டும் என்பதுதான். கீன்ஸ் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஒரு வித்தியாசம்: அவர் எல்லோருக்கும் பொதுவான விதியாகக் கேட்டார், இவர்கள் தங்கள் கையில் சாட்டையாக வைத்துக்கொண்டார்கள். அந்தச் சாட்டை உபரிக்காரன் முதுகில் மட்டும் விழுவதுமில்லை. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறாய் என்று சொல்லி 2025 ஆகஸ்ட் 27 முதல் பல இந்தியச் சரக்குகளுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தினார்கள். இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள திருப்பூர் பின்னலாடைக்காரர்களிடம் கேட்டால் மிச்சத்தைச் சொல்வார்கள்.

இடைப்பட்ட காலத்தை நான் தாவித்தான் செல்லப்போகிறேன். 1971 ஆகஸ்ட் 15-ஆம் தேதி டாலருக்குத் தங்கம் தருவதை அமெரிக்க அதிபர் நிக்சன் நிறுத்தினார். பிரெட்டன் வுட்ஸ் ஏற்பாடு அன்றோடு முடிந்தது, ஐ.எம்.எஃப். முடியவில்லை. நாணயங்களைக் காவல் காக்கும் வேலை போனதும் கடன்பட்ட ஏழை நாடுகளைக் காவல் காக்கும் வேலை கிடைத்தது. 1980-களில் லத்தீன் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் அந்த வாசலில் வரிசையில் நின்றன.

1991-இல் நாம் நின்றோம். அந்நியச் செலாவணிக் கையிருப்பு 100 கோடி டாலர் அளவுக்குச் சரிந்தது. மே மாதத்தில் ஸ்டேட் வங்கி மூலம் 20 டன் தங்கம் ஸ்விட்சர்லாந்துக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கியே சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்துக்கு அனுப்பி, பேங்க் ஆஃப் இங்கிலாந்திடமும் பேங்க் ஆஃப் ஜப்பானிடமும் ஈடு வைத்தது. அப்போதைய ஆளுநர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். வீட்டு நகை சேட்டுக் கடைக்குப் போன மாதிரி நாடே கூசிப்போனது என்பது இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பதினெட்டு ஆண்டு கழித்து, 2009 நவம்பரில், அதே ரிசர்வ் வங்கி ஐ.எம்.எஃப்.பிடமிருந்தே 200 டன் தங்கத்தை 670 கோடி டாலருக்கு வாங்கியது. அடகு வைத்தவன் கடைக்காரனிடமே நகை வாங்கினான் என்று பத்திரிகைகள் கொண்டாடின. நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்தத் தங்கத்தை வாங்கிய அன்று ஐ.எம்.எஃப்.பில் இந்தியாவின் வாக்கு 2 சதவீதத்துக்கும் கீழே.

1997-ஐச் சொல்லாமல் கிழக்கு ஆசியாவைப் புரிந்துகொள்ள முடியாது. தாய்லாந்தில் பற்றிய தீ இந்தோனேசியாவுக்கும் தென்கொரியாவுக்கும் பரவியது. 1998 ஜனவரியில் ஜகார்த்தாவில் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு: அதிபர் சுகார்த்தோ குனிந்து கையெழுத்துப் போடுகிறார், ஐ.எம்.எஃப். தலைவர் மிஷேல் காம்டெஸு கைகளைக் கட்டிக்கொண்டு நின்று மேலிருந்து பார்க்கிறார். சுகார்த்தோ நல்லவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த ஆசிய நாட்டவர் ஒவ்வொருவரும் தன் நாடு குனிந்து நிற்பதாகவே பார்த்தார்கள். அதே மாதத்தில் தென்கொரியாவில் சாதாரண மக்கள் வங்கி வாசலில் வரிசையில் நின்று திருமண மோதிரத்தையும் குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரத்தையும் கொடுத்தார்கள். சுமார் 35 லட்சம் பேர், 227 டன் தங்கம். கெடுவுக்கு முன்பே, 2001 ஆகஸ்ட்டில், கொரியா கடனைக் கட்டி முடித்தது.

நெருக்கடி தொடங்கிய நேரத்தில், ஆசியாவுக்கென்று தனி நிதியம் வைத்துக்கொள்வோம் என்று ஜப்பான் சொன்னது. அமெரிக்கா எதிர்த்தது, யோசனை அடங்கியது. இனி அந்த வாசலுக்குப் போகவே கூடாது என்று ஆசியத் தலைநகரங்கள் ஒவ்வொன்றும் முடிவெடுத்தன. விற்க வேண்டியது, டாலர் சேர்க்க வேண்டியது, அந்த டாலரை அமெரிக்க அரசுப் பத்திரத்திலேயே போட்டு வைக்க வேண்டியது. நெருக்கடியில் நேரடியாகச் சிக்காத சீனாவும் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டது. 2014 ஜூனில் அதன் கையிருப்பு 4 லட்சம் கோடி டாலரைத் தொடும் நிலைக்கு வந்தது. இன்று அமெரிக்கா குறை சொல்கிற ஆசிய உபரியின் வேர்களில் ஒன்று அந்தப் புகைப்படத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

2008-இல் நெருக்கடி நியூயார்க்கில் வெடித்தது. பணக்காரர்கள் ஏழு பேர் கூடினால் போதாது என்று நவம்பரில் ஜி-20 நாடுகளின் தலைவர்களை வாஷிங்டனுக்கு அழைத்தார்கள். ஐ.எம்.எஃப்.புக்கும் பணம் தேவைப்பட்டது. பணம் கிழக்கில் இருந்தது. பணம் தருகிறோம், வாக்கும் தாருங்கள் என்று சீனா, இந்தியா, பிரேசில் எல்லாம் கேட்டன. 2010-இல் தென்கொரியாவில் உடன்பாடு எட்டப்பட்டது. வளரும் நாடுகளுக்கு 6 சதவீதத்துக்கும் மேல் கோட்டா மாறும். சீனா மூன்றாம் இடத்துக்கு, இந்தியா பதினொன்றிலிருந்து எட்டாம் இடத்துக்கு. நியாயமான ஏற்பாடு என்று எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

இங்கேதான் சிக்கல். பெரிய மாற்றத்துக்கு 85 சதவீத வாக்கு வேண்டும் என்பது ஐ.எம்.எஃப். விதி. அமெரிக்காவின் வாக்கு 16.5 சதவீதத்தை ஒட்டியது. 1940-களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்தது பாதியாகக் குறைந்திருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அது குறையக் குறைய விதியின் எல்லையை 80-லிருந்து 85-க்கு உயர்த்திவிட்டார்கள். ஆகவே மற்ற எல்லா நாடுகளும் ஒருபக்கம் நின்றாலும் அமெரிக்கா தலையசைக்காமல் எதுவும் நகராது. ஒபாமா அரசு சம்மதித்த உடன்பாட்டை அமெரிக்கக் காங்கிரஸ் ஐந்தாண்டுகள் கிடப்பில் போட்டது. 2015 டிசம்பரில்தான் அனுமதி வந்தது; 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வாக்கை இழக்க வேண்டியவரிடமே வாக்கை மாற்ற அனுமதி கேட்க வேண்டும் என்றால் வேறு எப்படி நடக்கும்?

கோட்டாவுக்கு இப்போது ஒரு புதுச் சூத்திரம் இருக்கிறது. மைக்செல் காலத்தைவிட நாகரிகமானது. மொத்த உற்பத்திக்குப் பாதி எடை, வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலின் அளவுக்கு 30 சதவீதம், இன்னும் சில. ஆனால் பெல்ஜியம் பக்கத்து நாடான நெதர்லாந்துக்கு லாரியில் சரக்கு அனுப்பினாலும் அது வெளிநாட்டு வர்த்தகம். கோவையிலிருந்து கொல்கத்தாவுக்கு மோட்டார் பம்பு போனால் அது கணக்கிலேயே இல்லை. பெல்ஜியமும் நெதர்லாந்தும் ஒரே நாணயம் புழங்குகிற நாடுகள் என்பதைச் சூத்திரம் கண்டுகொள்வதில்லை. இன்றைக்கு இந்தியாவின் கோட்டா 2.75 சதவீதம், ஒன்றேகால் கோடிக்கும் குறைவான மக்களைக் கொண்ட பெல்ஜியத்தின் கோட்டா 1.35. உலக உற்பத்தியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைச் செய்கிற சீனாவுக்கு 6.4 சதவீதம், ஜப்பானைவிடச் சற்றுக் குறைவு. 2023 டிசம்பரில் கோட்டாவை மறுபடி பரிசீலித்தார்கள். எல்லோருக்கும் 50 சதவீதம் கூட்ட முடிவு செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் கூட்டினால் பங்கு எப்படி மாறும்?

இது மரியாதைப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கொரோனாக் காலத்தில், 2021 ஆகஸ்ட்டில், 65,000 கோடி டாலர் மதிப்புள்ள, நாணயமாக மாற்றிக்கொள்ளத்தக்க சிறப்பு எடுப்பு உரிமைகளை (SDR) ஐ.எம்.எஃப். உறுப்பு நாடுகளுக்குப் பகிர்ந்தது. பகிர்வு கோட்டாவின்படி. தேவைப்படாத பணக்கார நாடுகளுக்குப் பெரும்பகுதி போனது. உலகத்தின் பரம ஏழை நாடுகள் அத்தனைக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 2,100 கோடி.

உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே வீடு கட்டினார்கள். 2014 ஜூலையில் பிரேசிலின் ஃபோர்த்தலேசா நகரில் பிரிக்ஸ் நாடுகள் ஐந்தும் தங்களுக்கென்று வளர்ச்சி வங்கியும், நெருக்கடிக்கு உதவ 10,000 கோடி டாலர் கையிருப்பு ஏற்பாடும் செய்தன. வங்கியின் தலைமையகம் ஷாங்காய், முதல் தலைவர் நம் கே. வி. காமத். 2016 ஜனவரியில் பீஜிங்கில் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி திறந்தது. சேராதே என்று அமெரிக்கா சொல்லச் சொல்ல பிரிட்டன் போய்ச் சேர்ந்தது. மாற்று உலகம் பிறந்துவிட்டது என்று நம் ஊரில் பலர் எழுதினார்கள்.

நான் அந்த வீடுகளின் சாவியைப் பார்க்கச் சொல்கிறேன். பிரிக்ஸ் கையிருப்பில் ஒரு நாடு தன் பங்குக்கு எடுக்கக்கூடிய தொகையில் 30 சதவீதத்தை மட்டும் சும்மா எடுக்கலாம். மீதி 70 வேண்டுமானால் ஐ.எம்.எஃப்.போடு ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்று விதி எழுதினார்கள். எதிர்த்துக் கட்டிய வீட்டின் சாவியை எதிர்வீட்டிலேயே கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஆசிய உள்கட்டமைப்பு வங்கியில் முக்கிய முடிவுக்கு 75 சதவீத வாக்கு வேண்டும்; சீனாவின் வாக்கு சுமார் 26 சதவீதம். 1944-இல் வாஷிங்டன் செய்ததை பீஜிங் கவனமாகப் படித்திருக்கிறது.

அப்படியானால் எதுவுமே மாறவில்லையா என்று கேட்பீர்கள். மாறியிருக்கிறது. எங்கே என்று தெரிய வாஷிங்டனைவிடக் கொழும்பைப் பார்க்க வேண்டும்.

2022 ஏப்ரல் 12-ஆம் தேதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. எரிபொருள் வரிசைகளில் நின்றவர்களில் சிலர் நின்ற இடத்திலேயே இறந்தார்கள். இங்கிருந்து தமிழ்நாடு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் அனுப்பியது. தில்லி சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. கொழும்பு ஐ.எம்.எஃப்.பிடம் பதினேழாவது முறையாகப் போனது. செப்டம்பர் 1-ஆம் தேதி அலுவலர் மட்டத்தில் உடன்பாடு ஆயிற்று. ஆனால் பணம் வரவில்லை. ஏனென்றால் இலங்கைக்குக் கடன் கொடுத்த நாடுகள், தங்கள் கடனில் சலுகை தருவதாக முதலில் உறுதி சொல்ல வேண்டும், அதன்பிறகே ஐ.எம்.எஃப். இயக்குநர் குழு கூடும்.

முன்பெல்லாம் இது சுலபம். 1956-லிருந்து பாரிஸ் மன்றம் என்று கடன் கொடுக்கும் பணக்கார நாடுகளின் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்கள் பாரிஸில் கூடிப் பேசி ஒரு தாளில் கையெழுத்திட்டால் முடிந்தது. இப்போது இலங்கைக்குக் கடன் கொடுத்த அரசுகளில் முன்வரிசையில் இருந்தவை சீனா, ஜப்பான், இந்தியா. சீனாவும் இந்தியாவும் பாரிஸ் மன்றத்தில் இல்லை. 2023 ஜனவரியில் முதல் உறுதிக் கடிதம் கொடுத்தது இந்தியா. சீனாவின் எக்சிம் வங்கி இரண்டாண்டு தவணை தள்ளித் தருகிறேன் என்றது. போதாது என்றது ஐ.எம்.எஃப். மார்ச் மாதத் தொடக்கத்தில்தான் பீஜிங்கிலிருந்து போதுமான கடிதம் வந்தது. மார்ச் 20-ஆம் தேதி சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கிடைத்தது. அரை ஆண்டுக்கு மேல் ஒரு நாடு முழுவதும் ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தது. பிறகும் ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் தலைமையில் ஒரு குழு தனியாகவும், சீனா தனியாகவும் பேசின. இலங்கையின் கடன் பத்திரங்களை வைத்திருந்த நியூயார்க், லண்டன் முதலீட்டாளர்களோடு கணக்கு முடிய 2024 டிசம்பர் ஆனது.

6.4 சதவீதக் கோட்டாக்காரர், வாக்கால் செய்ய முடியாததைக் கடிதத்தைத் தாமதப்படுத்திச் செய்துவிட்டார். பலம் கைமாறியிருப்பது இங்கேதான். நாற்காலிகள் அப்படியே இருக்கின்றன. யாரைக் கேட்டால் கடன் தீரும் என்பது மாறிவிட்டது. கடன்பட்டவனுக்கு இதனால் என்ன லாபம்? முன்பு ஓரிடத்தில் கெஞ்சினான், இப்போது நாலிடத்தில் கெஞ்சுகிறான். அந்தக் காத்திருப்பில் ஐ.எம்.எஃப்.புக்கு முன்கூட்டியே காட்ட வேண்டிய சிக்கனத்துக்காக 2023 பிப்ரவரியில் இலங்கையில் மின்கட்டணம் 66 சதவீதம் ஏறியது. பின்னர் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது சுமையின் ஒரு பகுதி ஊழியர் சேமலாப நிதியத்தின் மேல் விழுந்தது. ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் தோட்டத் தொழிலாளியும் ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்துவைத்த பணம் அது. பன்முனை உலகம் என்று கருத்தரங்குகளில் இனிப்பாகச் சொல்கிறோமே, அதன் முதல் கட்டணத்தை அவர்கள் கட்டினார்கள்.

டாலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரியில் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கின. சேர்த்துவைத்த டாலரும் யூரோவும் தங்களுடையவைதானா என்ற சந்தேகம் அன்றைக்கு எல்லா மத்திய வங்கிகளுக்கும் வந்தது. தங்கம் வாங்கிக் குவிக்கத் தொடங்கின. நம் ரிசர்வ் வங்கியும் இங்கிலாந்தில் வைத்திருந்த தங்கத்தில் சுமார் 100 டன்னை 2023-24 நிதியாண்டில் நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. ஆனாலும் உலகக் கையிருப்பில் பாதிக்கு மேல் டாலர்தான். சீன யுவானின் பங்கு 2, 3 சதவீதம். டாலர் நாளைக்கே விழும் என்று சொல்கிறவர்களிடம் உங்கள் சேமிப்பைக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி நம் நாற்காலி. 2025 மே 9-ஆம் தேதி பாகிஸ்தானுக்குக் கடன் தவணை தரும் விஷயம் ஐ.எம்.எஃப். குழுவுக்கு வந்தது. எல்லையில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாள்கள் அவை. இந்தியா ஆட்சேபம் தெரிவித்து வாக்களிக்காமல் ஒதுங்கியது. தவணை போய்ச் சேர்ந்தது. 2.6 சதவீத வாக்கை வைத்துக்கொண்டு அவ்வளவுதான் முடியும். நமக்கு இன்னும் வாக்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த நாற்காலியில் இப்போது இந்தியா தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. வங்கதேசம், இலங்கை, பூட்டான் ஆகியவற்றுக்கும் அதே நாற்காலிதான். நால்வருக்கும் சேர்த்து ஒரு செயல் இயக்குநர். குழுவுக்குள் இந்தியாவின் வாக்கு மற்ற மூவரின் வாக்கைவிடப் பல மடங்கு பெரியது என்பதால் இயக்குநர் இந்தியர். மாற்று இயக்குநர் பதவி வங்கதேசத்துக்கு அல்லது இலங்கைக்கு. 2023 மார்ச் 20-ஆம் தேதி இலங்கையின் கடன் முடிவான மேசையில் இலங்கைக்காகப் பேசும் பொறுப்பு, இலங்கையிடம் கடன் வசூலிக்க வேண்டிய நாட்டின் பிரதிநிதிக்கு இருந்தது. அன்றைக்கு இந்தியா நல்லபடியாகவே நடந்துகொண்டது. முதல் கடிதம் நம்முடையது என்று சொன்னேனே. ஆனாலும் எட்டு நார்டிக், பால்டிக் நாடுகள் ஒரே நாற்காலியைச் சுழல்முறையில் பகிர்ந்துகொள்கின்றன. ஸ்வீடன் பெரிய நாடு என்பதற்காக எப்போதும் ஸ்வீடன்காரரே உட்காருவதில்லை. வாஷிங்டனில் இரட்டிப்பு வாக்கு கேட்டு நம் பத்திரிகைகள் ஆண்டுதோறும் தலையங்கம் எழுதுகின்றன. ஒரு தவணைக்காவது கொழும்புக்காரரோ டாக்காக்காரரோ அந்த நாற்காலியில் உட்காரட்டும் என்று எழுதிய ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை.

கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. இதில் எனக்கு மறுப்புச் சொல்ல நினைக்கிறவர்கள் முதலில் கேட்கலாம்.